எல்லோருக்கும் கற்றுத்தர முடியாத வித்தை

மாரண்டஹள்ளியில் இருக்கும் என் அக்காள் மகன், ஓசூர்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி ஓராண்டாகிறது. வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டம், அதையடுத்துத் தக்காளி நிலம். அவன் கண்களோ காலை ஒன்பதே காலிலிருந்து மாலை மூன்றரை வரை கைப்பேசித் திரையின் பச்சை, சிவப்புக் கட்டங்களை விட்டு அகல்வதில்லை. நாற்பதாயிரம் ரூபாய் கட்டி ஆப்ஷன் வணிகப் பயிற்சியில் சேரப் போவதாகச் சென்ற மாதம் சொன்னான். சூதைப் பாடமாக்க முடியுமா என்று கேட்டேன். "சிகாகோவுலயே நிரூபிச்சுட்டாங்க மாமா. ஆமைங்க கதை உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். பயிற்சி நிலையங்கள் அதை எப்போதும் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றன என்பதால்தான் இந்தக் கட்டுரை.

1983இல் சிகாகோவின் பெரும் வணிகரான ரிச்சர்ட் டென்னிசுக்கும் அவருடைய நண்பர் வில்லியம் எக்கார்ட்டுக்கும் ஒரு வாதம் எழுந்தது. வெற்றிகரமான வணிகம் பிறவித் திறன் என்றார் எக்கார்ட். கற்றுத்தரக்கூடியது என்றார் டென்னிஸ். நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. சிலரைத் தேர்ந்து இரண்டு வாரம் விதிகளைப் போதித்தார்கள். 'ஆமைகள்' என்று பெயர் பெற்ற அம்மாணவர்களில் பலர் அடுத்த சில ஆண்டுகளில் பெரும் லாபம் ஈட்டினர். டென்னிஸ் வென்றார். ஆகவே கற்பிக்கலாம் என்ற அளவில் எனக்கு மறுப்பில்லை.

சொல்லாமல் விடப்படும் மீதிப் பாதியில் மூன்று செய்திகள் உள்ளன. விண்ணப்பித்தோர் ஆயிரம் பேரளவில். முதலில் எடுக்கப்பட்டோர் ஒரு டஜனைச் சற்றே மிஞ்சுவர். ஆக, அது சாமானியர்க்கான பள்ளி அன்று, கடுமையாக வடிகட்டப்பட்ட குழு. இரண்டாவது, அவர்கள் வணிகம் செய்தது டென்னிசின் பணத்தில். தோற்றால் அவர் கை சுடும். வென்றால் அவர்களுக்கும் பங்குண்டு. எந்த மாணவனும் நிலத்தை அடமானம் வைக்கவில்லை. மூன்றாவது, அதே டென்னிஸ், தான் நிர்வகித்த நிதியங்களில் பெரும் இழப்பைச் சந்தித்து 1988இல் அத்தொழிலிலிருந்து விலகினார். விதிகளை வகுத்தவரையே விதிகள் காக்கவில்லை.

ஆனால் என் அடிப்படை மறுப்பு இவற்றுக்கும் அப்பால் உள்ளது. பட்டுப்புழு வளர்ப்பை ஒருவர் பக்கத்து வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தால் ஊரில் இன்னொரு புழுமனை எழும். கூட்டின் விலை சற்றே சரியக்கூடும். எனினும் உலகில் பட்டு கூடியிருக்கும். பங்கை வாங்கிப் பல்லாண்டு வைத்திருப்பவருக்கும் இது ஓரளவு பொருந்தும். நிறுவனம் வளர்ந்தால் எல்லாப் பங்குதாரரும் வளரலாம். ஆப்ஷன் வணிகமோ வேறு சாதி. அங்கே ஒருவன் பெறும் ஒவ்வொரு ரூபாயும் எதிரே இருப்பவன் இழந்த ரூபாய். தரகும் வரியும் போக, மேசையிலிருந்து எழுவோர் அனைவரின் கையிருப்பையும் கூட்டினால், அமர்ந்தபோது இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த வித்தையை எல்லோருக்கும் கற்பித்தால் எல்லோரும் வெல்ல முடியாது. தோற்பவன் இன்றி இந்தப் பாடத்துக்குப் பயனே இல்லை.

தோற்பவன் யார் என்பதைச் செபியே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான அதன் ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர். இழந்தவரின் சராசரி இழப்பு, செலவுகள் உட்பட, சுமார் 2 லட்சம் ரூபாய். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர் ஒரு விழுக்காட்டினரே. 2023-24இல் இத்தகைய தனிநபர்களில் முக்கால் பங்கிற்கும் அதிகமானோர் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் குறைவான வருமானம் உள்ளவர்கள். அதே ஆண்டில், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் ஈட்டின. அந்த லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்கள் வழியே வந்தது. பாலக்கோடு வட்டத்து இளைஞனின் கட்டைவிரல் போட்டியிடுவது அந்த நிரல்களோடுதான்.

"பழகப் பழகக் கைவரும்" என்பார்கள். பிரேசிலில் 2013க்கும் 2015க்கும் இடையே ஃபியூச்சர்ஸ் தின வணிகத்தைத் தொடங்கியவர்களை ஆராய்ந்தார்கள். முந்நூறு நாட்களுக்கு மேல் விடாமல் பழகியவர்களில் 97 விழுக்காட்டினர் நட்டத்தில்தான் முடிந்தார்கள். நீண்ட பழக்கம் தேர்ச்சியைத் தந்ததற்கான சான்று அங்கே கிட்டவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு நளன் நினைவுக்கு வரலாம். நாட்டைச் சூதில் இழந்த நளன், இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றுத்தானே மீண்டும் வென்றான்? உண்மை. ஆனால் இருதுபன்னன் அந்த வித்தையைக் கடைவிரித்து விற்கவில்லை; தேரோட்டும் வித்தையைப் பெற்று, ஒருவனுக்கு மட்டும் அதை மாற்றாகத் தந்தான். நளன் வென்றதும் புட்கரன் தோற்றதால்தான். புட்கரனும் அதே வகுப்பில் அதே பாடத்தைப் படித்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்? இன்றைய பயிற்சி நிலையங்கள் நளனையும் புட்கரனையும் ஒரே பெஞ்சில் அமர்த்தி இருவரிடமும் கட்டணம் வாங்குகின்றன.

கற்பிப்பவர் தாமே வென்றவரா என்பதையும் யாரும் கேட்பதில்லை. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பயிற்சி அளித்தவர் மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால ஆணையைப் படித்துப் பாருங்கள். அவர் தரப்பு பயிற்சிக் கட்டணமாகத் திரட்டியது 17 கோடிக்கும் மேல் என்கிறது ஆணை. அவருடைய சொந்தச் சந்தைக் கணக்கோ இரண்டரை ஆண்டில் சுமார் 2.9 கோடி நட்டத்தில் இருந்ததாம். கட்டணமே அங்கே நிச்சயமான வருமானம்.

கட்டுப்பாடு, இழப்பை எல்லைக்குள் நிறுத்துவது, கடன் வாங்கிச் சந்தையில் இறங்காமலிருப்பது இவையெல்லாம் கற்பிக்கத் தக்கவையே. கற்பிக்கட்டும். இவற்றைக் கற்றவன் மெதுவாகத் தோற்பான், அல்லது விலகிக்கொள்வான். பிழைப்பாக இதை நம்பி வருவோரிடம் இதைச் சொல்லி நாற்பதாயிரம் வாங்க முடியாது என்பதே சிக்கல்.

தக்காளி விலை நள்ளிரவில் என்னாகும் என்றறியாமல் விதைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அபாயம் புதிதன்று. ஆனால் விலை விழுந்தாலும் அங்கே ஒரு கூடைத் தக்காளி மிஞ்சும், யாரேனும் உண்பார்கள்.

என் அக்காள் மகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். டென்னிசைச் சான்று காட்டும் ஆசிரியரிடம் டென்னிசின் நிபந்தனையைக் கேள். "உங்கள் பணத்தில் நான் வணிகம் செய்கிறேன், லாபத்தில் பங்கு தாருங்கள், நட்டம் உங்களுடையது." கேட்டுவிட்டு வந்தான். அடுத்த அணியில் இடம் நிரம்பிவிட்டதாகச் சொன்னார்களாம்.