வாயிற்காவல்

செஞ்சிக் கோட்டையின் புறமதிலுக்கு வேலூர் வாயில், புதுச்சேரி வாயில் என்னும் இரு பெருவாயில்கள் உண்டு. புதுச்சேரியிலிருந்து வருவதாகக் கூறும் ஒருவன் வேலூர் வாயிலில் வந்து நின்றால், விழிப்புள்ள காவலன் அவனை ஐயுறுவான். சொல்லும் ஊரும் வந்த வழியும் பொருந்துகின்றனவா என நோக்குவதே வாயிற்காவலின் முதற்பாடம். இணையத்திற்கும் இப்பாடம் இன்றியமையாதது என்பது நம் கருத்து.

இணையத்தில் செய்திகள் 'பாக்கெட்' எனப்படும் சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உண்டு. வழியிலுள்ள ரவுட்டர்கள் பெறுநர் முகவரியைக் கொண்டே பொதியைச் செலுத்துகின்றன. அனுப்புநர் முகவரி மெய்யா பொய்யா என அவை தாமாக ஆராய்வதில்லை. அஞ்சலுறையில் அனுப்புநராக எவர் பெயரையும் எழுதிவிடலாம் அன்றோ?

இவ்வஞ்சகத்தின் விளைவு சிறிதன்று. 2018 பிப்ரவரி 28 அன்று 'கிட்ஹப்' தளத்தை விநாடிக்கு 1.35 டெராபிட் அளவில் பொதிவெள்ளம் தாக்கியது. தாக்கியோர் அத்தளத்தின் முகவரியையே அனுப்புநராகப் பொய்யாக எழுதிப் பற்பல சர்வர்களை வினவினர். விடைகள் யாவும் கிட்ஹப்பின் தலையில் கொட்டின.

இதனைத் தடுக்கும் கருவி லினக்ஸ் இயங்குதளத்திலேயே உள்ளது. 'ஆர்.பி. ஃபில்டர்' என்னும் அமைப்பிற்கு 1 என மதிப்பிட்டால், "இம்முகவரிக்கு விடை அனுப்பின் இதே வாயில் வழியாகவா அனுப்புவோம்?" எனக் கணினி ஒவ்வொரு பொதிக்கும் வினவும், அன்றெனில் பொதியைத் தள்ளிவிடும். போகும் வழி ஒன்றும் வரும் வழி வேறொன்றுமாக அமைந்த இடங்களில் 1 என்பது மெய்யான பொதியையும் தடுக்கக்கூடும். அங்கே தளர்ந்த சோதனையாகிய 2 ஏற்றது. 0 எனில் காவலே இல்லை. ஒரே அறையிலுள்ள கணினி அண்டைக் கணினியின் முகவரியைத் திருடினால் இச்சோதனை அதனைக் கண்டறியாது என்பதையும் மறத்தலாகாது.

"நம் வாயிலிலிருந்து வெளியேறும் பொதியைச் சோதிப்பதால் நமக்கென்ன ஊதியம்?" எனச் சிலர் வினவலாம். தாக்குண்டவன் தன் வாயிலில் நின்று பொய்யை அறிதல் அரிது. அது புறப்படும் வாயிலிலேயே எளிதில் புலப்படும். இணைய நெறிமுறையாளர்கள் 2000ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இதனைப் பரிந்துரைத்துவிட்டனர்.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது, செஞ்சியின் மதில்கள் உள்ளிருந்தோரைக் காத்தன. இணைய வாயிலின் கடன் அதனினும் பெரிது: அது வெளியிருப்போரையும் காக்க வேண்டும். நம் கல்லூரிகளின் கணினிக்கூடப் பொறுப்பாளர்கள் தம் வாயிற்கணினியில் அவ்வெண் 0 ஆக உள்ளதா என இன்றே நோக்குவார்களாக! மாணவச் செல்வங்கள் அதன் பொருளைக் கற்றுப் பிறர்க்கும் உரைப்பார்களாக! நம் வீட்டிலிருந்து புறப்படும் பொய்க்கு நாமே பொறுப்பு.