செவ்வாயைச் சுற்றிய கலமும் செவ்வாய் தோஷக் கன்னியரும்

செவ்வாய் ஆகாது என்கிறார்கள். கிழமையும் ஆகாதாம், கோளும் ஆகாதாம். "செவ்வாயோ வெறுவாயோ" என்று பழமொழி வேறு பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் செவ்வாய்க் கோளை நோக்கி, அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே, 2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிற்பகல் 2 மணி 38 நிமிடத்திற்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் என்னும் கலம் புறப்பட்டது. புறப்பட்டது, போய்ச் சேர்ந்தது, செவ்வாயைச் சுற்றியது. ஆறு திங்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட கலம் ஏழரை ஆண்டு உழைத்தது. ஆம், ஏழரைதான்! சனியின் பெயர் சொல்லி நம் மக்களை நடுங்க வைக்கும் அதே ஏழரை!

இவ்வளவும் நடந்த பிறகு, பொன்னமராவதியில் பெண்ணைப் பெற்ற தந்தை ஒருவர் சாதகக் குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். பெண் படித்தவள், பண்புள்ளவள், தன் காலில் நிற்கத் தெரிந்தவள். மணமகன் வீட்டார் இவை எதையும் மறுக்கவில்லை. "எல்லாம் சரிதான், செவ்வாய்தான் இடிக்கிறது" என்று இழுக்கிறார்கள். இருபத்து நான்கு இருபத்தெட்டாகிறது, இருபத்தெட்டு முப்பத்திரண்டாகிறது. அந்தத் தந்தை ஒருவரல்லர். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர் பொருட்டே இதை எழுதுகிறோம்.

முதலில் கலத்தின் கதையைக் கேளுங்கள். அக்டோபர் 28 என்றுதான் முதலில் நாள் குறித்தார்கள், அது தள்ளிப்போயிற்று. ஏன் தள்ளிப்போயிற்று? சூலம் பார்த்தார்களா? கரிநாள் பார்த்தார்களா? கலத்தைத் தூக்கிச் செல்லும் ஏவுகலம் தன் இறுதிக் கட்டத்தில் தென் பசிபிக் கடலுக்கு மேலே பறக்க வேண்டும். அங்கே அதன் போக்கைக் கண்காணிக்க நாளந்தா, யமுனா என்னும் இரு கப்பல்கள் நிற்க வேண்டும். கடல் கொந்தளித்ததால் நாளந்தா உரிய இடம் சேரக் காலம் தாழ்ந்தது. கப்பலுக்காகக் காத்திருந்தார்கள்; காத்திருந்து குறித்த நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. அவ்வளவே!

நல்ல நேரம் என்ற ஒன்று அறிவியலிலும் உண்டு. இல்லையென்று நாம் சொல்லவில்லை. புவி 365 நாளில் சூரியனைச் சுற்றி வருகிறது. செவ்வாய் 687 நாளில் சுற்றி வருகிறது. குறைந்த எரிபொருளில் இங்கிருந்து அங்கே செல்வதற்கு ஏற்றபடி இரண்டும் அமைவது ஏறத்தாழ 26 திங்களுக்கு ஒருமுறை. அதனால்தான் அதே 2013 நவம்பரில், 18ஆம் நாளன்று, அமெரிக்காவும் மேவன் என்னும் கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிற்று. அது நம் கலத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. பஞ்சாங்கத்தின் பெயரையே அறியாத புளோரிடாவும், வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் தொங்கும் நாடும் ஒரே திங்களைத் தேர்ந்தது எப்படி? கணக்கு ஒன்று; ஆகவே விடையும் ஒன்று. சோதிடர்களின் கணக்கைப் பாருங்கள். சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சுத் திங்களில் என்றது திருக்கணிதம். இல்லை, 2026ஆம் ஆண்டில்தான் என்றது வாக்கியம். ஒரே சனி, ஒரே வானம், ஓராண்டு வேறுபாடு! எந்த ஆண்டில் பரிகாரம் செய்வது என்று பாவம், பக்தர் திகைத்தார். இரண்டு ஆண்டிலும் செய்துவிட்டவர்களும் இருப்பார்கள்.

பயணம் இடரின்றி நடந்ததென்றும் நாம் சொல்லவில்லை. புவியைச் சுற்றியவாறே ஒவ்வொரு முறையும் எந்திரத்தை இயக்கிப் பாதையை நீட்டிக்கொண்டு போக வேண்டும். நவம்பர் 11ஆம் நாள் பாதையின் உச்சம் 1,00,000 கிலோமீட்டரைத் தொட்டிருக்க வேண்டும். 78,276 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. நம் சோதிடர் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "செவ்வாய்க்கிழமை புறப்பட்டீர்கள் அல்லவா, அதன் பலன் இது" என்று தலையாட்டியிருப்பார். பொறியாளர்கள் எரிபொருள் குழாயைப் பார்த்தார்கள். எரிபொருளைத் திறந்துவிடும் வால்வில் முதன்மைச் சுருள், மாற்றுச் சுருள் இரண்டுக்கும் ஒரே வேளையில் மின்சாரம் பாய்ச்சியதால் எரிபொருள் ஓட்டம் நின்றுபோயிற்று என்று கண்டார்கள். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் எந்திரத்தை இயக்கினார்கள். உச்சம் 1,18,642 கிலோமீட்டராயிற்று. எலுமிச்சை அறுக்கவில்லை, எள் விளக்கு ஏற்றவில்லை. குறை இருந்த இடம் வால்வு. குறை தீர்ந்த இடமும் வால்வு.

டிசம்பர் முதல் நாள் நள்ளிரவுக்குப் பின் கலம் புவியின் பிடியை விட்டு நீங்கிற்று. ஏறத்தாழ முந்நூறு நாள் அதன் பெரிய எந்திரம் உறங்கிக் கிடந்தது. 2014 செப்டம்பர் 24, புதன்கிழமை. காலை 7 மணி 17 நிமிடத்துக்கு அந்த எந்திரம் கண் விழித்துச் சுமார் 23 நிமிடம் எரிந்தது. அது எரியாவிட்டால் கலம் செவ்வாயைக் கடந்து வெட்டவெளியில் தொலைந்திருக்கும். உங்கள் வீட்டு நாட்காட்டித் தாளை எடுத்துப் பாருங்கள். புதன்கிழமை எமகண்டம் எப்போது? காலை 7.30 முதல் 9 வரை. எந்திரம் எரிந்த நேரத்தின் இறுதிப் பத்து நிமிடம் எமகண்டத்துக்குள்! எமன் வந்தானா? வந்திருந்தால் 421 கிலோமீட்டர் அண்மையும் 76,993 கிலோமீட்டர் சேய்மையும் கொண்ட நீள்வட்டத்தில் கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

எமகண்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுவோம். 1993 செப்டம்பர் 20, திங்கட்கிழமை, காலை 10 மணி 42 நிமிடம்: பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதன்முதலாக ஸ்ரீஹரிகோட்டாவில் எழும்பி, தான் சுமந்த செயற்கைக்கோளோடு கடலில் வீழ்ந்தது. 2023 மே 29, அதுவும் திங்கட்கிழமை, அதே ஸ்ரீஹரிகோட்டா, அதே 10 மணி 42 நிமிடம்: ஜி.எஸ்.எல்.வி. எப்-12 ஏவுகலம் எழும்பி, வழிகாட்டும் செயற்கைக்கோளாகிய என்.வி.எஸ்.-01ஐச் செம்மையாகப் பாதையில் நிறுத்தியது. திங்கட்கிழமை 10.30 முதல் 12 வரை எமகண்டம். கிழமை ஒன்று, நிமிடம் ஒன்று, இடம் ஒன்று, கண்டமும் ஒன்று. ஒன்று வீழ்ந்தது, ஒன்று வாழ்ந்தது. வீழ்ந்த கலத்தின் கணிப்பொறி ஆணையில் பிழை இருந்தது என்று ஆய்ந்து கண்டு திருத்தினார்கள். திருத்தியதால் அடுத்த ஆண்டே வென்றார்கள். எமகண்டத்தைத் திருத்தியவர் யாருமில்லை. அது அன்று அச்சிட்டபடியே இன்றும் அச்சாகிறது.

இனி அந்தத் தோஷத்துக்கு வருவோம். சாதகக் கட்டங்கள் பன்னிரண்டு. இலக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது அவர்கள் வகுத்த விதி. பன்னிரண்டில் ஐந்து! செவ்வாய் ஒரு இராசியில் ஏறக்குறைய ஒன்றரைத் திங்கள் தங்குகிறது. இலக்கினமோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. ஆகவே நாள்தோறும் சற்றொப்பப் பத்து மணி நேரத்தில் பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் தோஷக்காரர்கள். மருத்துவமனையில் பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: இந்த இரண்டு மணி நேரத்தில் பிறந்தவள் மணமாலை சூடுவாள், அடுத்த இரண்டு மணி நேரத்தில் பிறந்தவள் வாசற்படியில் நின்று வயதை எண்ணுவாள்! இலக்கினத்தோடு விடாமல், சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படி எண்ணினால் நாட்டில் தோஷமில்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது தங்களுக்கே பொருந்தவில்லை என்று கண்டதும் விதிவிலக்குகளைப் படைத்தார்கள். எந்த விலக்கு யாருக்குப் பொருந்தும் என்பதைத் தட்சணையின் கனம் சொல்லும்.

செவ்வாய் நம்மைத் தொடும் வலிமைதான் என்ன? அது புவிக்கு மிக அண்மையில் வரும்போதே ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அங்கிருந்து அது பிறந்த குழந்தையை இழுக்கும் ஈர்ப்பும், அரை மீட்டர் தொலைவில் நிற்கும் அறுபது கிலோ எடையுள்ள செவிலியின் ஈர்ப்பும் ஏறத்தாழச் சமம். கணக்குத் தெரிந்த பள்ளி மாணவன் நியூட்டனின் விதியைக் கொண்டு இதைப் போட்டுப் பார்த்துவிடலாம். செவ்வாய் நாற்பது கோடி கிலோமீட்டர் விலகிப்போகும் காலத்தில் செவிலியே பல மடங்கு வலியவள். செவிலி தோஷம் என்று ஒன்றை ஏன் இன்னும் எழுதவில்லை?

"விஞ்ஞானிகளே கோயிலுக்குப் போகிறார்களே, நீங்கள் யார் பேச?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். மங்கள்யான் புறப்படுவதற்கு முன் அன்றைய இஸ்ரோ தலைவர் திருமலைக்குச் சென்று வழிபட்டது உண்மை. 2023இல் சந்திரயான்-3 புறப்படும் முன்னாளில் அதன் சிறு மாதிரியைத் திருமலையில் வைத்து வழிபட்டதும் உண்மை. பி.எஸ்.எல்.வி. வரிசையில் சி-12க்குப் பின் சி-14 வந்ததும், 13 என்ற எண்ணே காணாமற்போனதும் உண்மை. தனி மனிதர் எங்கு வணங்கினாலும் அது அவர் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனம் தன் கலத்தின் மாதிரியை அருள் வாங்கக் கொண்டுபோகும்போதுதான் கேட்கிறோம்: அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 51-ஏ பிரிவு உங்களுக்குப் பொருந்தாதா? நீங்கள் வால்வைப் பழுது பார்க்கும்போது ஊர் உங்களைப் பார்ப்பதில்லை. வடம் பிடிக்கும்போது பார்க்கிறது. அந்தப் படம் ஏட்டில் வந்த மறுநாளே பொன்னமராவதிச் சோதிடர் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிடுவார். உங்கள் வழிபாட்டுக்கு விலை கொடுப்பவள் சாதகக் கட்டத்தில் சிக்கிய அந்தப் பெண்.

செயற்கைக்கோளை ஏற்றியவர்கள் நாம். அதன் வழியே தொலைக்காட்சியில் விடியற்காலை இராசிபலன் சொல்பவர் அவர். என்னே இந்த விந்தை!

பொன்னமராவதித் தோழர்களே! சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணாவின் அரசு சட்டம் செய்தது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும். புரோகிதரும் வேண்டா, பொருத்தமும் வேண்டா. சட்டம் இருக்கிறது, துணிந்து முன்வரும் மணமகன்தான் குறைவு. மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டுத் தன் திருமணத்துக்குத் தாய் சாதகம் பார்க்கும்போது தலை குனிந்து நிற்கும் இளைஞனைத்தான் நாம் முதலில் குறிவைக்கிறோம். செவ்வாய் தோஷம் என்று ஒதுக்கப்பட்ட பெண் உங்கள் ஊரில் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போகாத கால், கூட்டத்துக்கு வந்து என்ன பயன்?

பொருத்தம் பார்க்கச் சோதிடர் உங்கள் வீட்டுக்கு வந்தால் விரட்டாதீர்கள். உட்கார வைத்து ஒன்று கேளுங்கள். 2022 ஏப்ரலில் நீண்ட நிழலொன்றைக் கடந்த பின் மங்கள்யானின் குரல் நின்றுவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இனி மீட்க இயலாது என்று அறிவித்துவிட்டார்கள். ஐந்து கருவிகளோடு செவ்வாயைச் சுற்றப் போன அந்தக் கலம் நம் மண்ணில் பிறந்தது. பிறந்த கிழமை தெரியும், நிமிடம் தெரியும், ஊர் தெரியும். அதற்கு ஒரு சாதகம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் செவ்வாயை எந்த வீட்டில் நிறுத்துவார் என்று பார்ப்போம்.