உழைச்ச உடம்புக்கு எதுக்கு எக்சர்சைஸ்?

அப்பா இருபத்தாறு ஆண்டுகள் தெருக் கூட்டியவர். கடைசிவரை ஒப்பந்தக் கூலிதான். இப்போது கழிப்பறைக்குப் போய் வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்குகிறார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனையில் முதல் கேள்வி, "பீடி குடிப்பீங்களா?" குடித்தார்தான். ஆனால் தினமும் விழுங்கிய புழுதியையும் குப்பை எரிந்த புகையையும் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். (ஆராய்ச்சி மாணவன் என்பதால் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்?) மருத்துவர் சிரித்தார். "உழைச்ச உடம்புப்பா இது, எதுக்கு எக்சர்சைஸ்? ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

அக்கறையாகத்தான் சொன்னார். அந்த ஓய்வுதான் அப்பாவைக் கட்டிலில் போட்டது. மூச்சு வாங்குமே என்று பயந்து நடையைக் குறைத்தால் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை சீக்கிரம் களைக்கிறது, சின்ன வேலைக்கே மூச்சு இன்னும் வாங்குகிறது. இந்தச் சுழலை வெட்டத்தான் பயிற்சி. கெட்ட நுரையீரலை அது சரி செய்யாது; கால்களின் வலுவை மீட்கும், மூச்சிரைப்பைக் குறைக்கும். முதலில் 30 மீட்டர் நடைவழியில் ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளப்பார்கள். பிறகு வாரம் இரண்டு மூன்று நாள், எட்டு வாரமாவது: நடை, சைக்கிள், சிறு எடை தூக்குதல், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுதல். இதயம் பலவீனமானவர்களுக்கும் அளவு பார்த்து இப்படித்தான்.

உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. உழைப்பின் வேகத்தை மேஸ்திரி முடிவு செய்கிறார். பயிற்சியில், மூச்சு எவ்வளவு திணறுகிறது என்று 0 முதல் 10 வரை நோயாளியே எண் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். அப்பாவிடம் வாழ்நாளில் எந்த மேஸ்திரியும் அப்படிக் கேட்டதில்லை. உழைக்கவே பிறந்தது என்று ஒரு சாதியின் உடம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஓய்வுபெற்ற அதிகாரிக்கு மூச்சு வாங்கினால் நோய். எங்களுக்கு வாங்கினால் வயசு, பீடி, உழைப்பு.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அதே வழியில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளுக்கு நுரையீரல், இதயப் பயிற்சியையும் கொண்டுவர முடியும். கேட்க வேண்டியது நாம்தான். கூடவே கூலியையும் கேட்க வேண்டும். வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் என்றால் பதினாறு நாள். அப்பாவோடு வேலை பார்த்த மூன்று பேர் இன்றும் இன்ஹேலரை மடியில் செருகிக்கொண்டு விடியற்காலை துடைப்பம் எடுக்கிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.