மோதல் திரையிலேயே முடியட்டும்

குளிர்சாதனக் குழாய் செல்ல வேண்டிய இடத்தில் உத்தரம் குறுக்கிடுகிறது. இதைக் கணினித் திரையில் கண்டால் குழாயை நகர்த்தினால் போதும். கட்டுமானத் தளத்தில் கண்டால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும்; தூசி ஊழியரின் நுரையீரலுக்குப் போகும்.

இத்தகைய மோதல்களை முன்கூட்டியே காட்டுவதுதான் 'பிம்' எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி மென்பொருளின் பலம். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டடங்களுக்கு 2015 முதல் பிம் வரைவுகளைச் சமர்ப்பிப்பது கட்டாயமானது.

இதைப் பழகுவோர் நான்கைக் கவனியுங்கள். கட்டடக் கலைஞர், பொறியாளர், குழாய்-மின் பிரிவினர் எல்லாரும் ஒரே தொடக்கப் புள்ளியையும் தள மட்டத்தையும் பயன்படுத்த வேண்டும். சுழிப்பிழை உள்ள கருவியில் எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை அல்லவா? சுவரை வெறும் கோடாக வரையாமல் பொருள், தடிமன், தீத்தாங்கும் நேரம் ஆகியவற்றைப் பதியுங்கள். மோதல் சோதனையில் குழாயின் காப்புறைத் தடிமனையும் சேருங்கள். ஐஎஃப்சி கோப்பாக மாற்றியபின், அதைத் திறந்து சரிபாருங்கள். தகவல் விடுபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவு செய்தும் மாதிரி அலுவலகத்திலேயே தங்கிவிட்டால் பாதிப் பயன்தான். ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் நம் ஊழியர்களே அதை நிஜமாக்குகிறார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கைக்கணினியில் அவர்களுக்குக் காட்டி, தமிழில் விளக்குங்கள். "இந்த வால்வைத் திருகக் கை நுழையுமா?" என்று அவர்கள் கேட்பார்கள். நாம் சொல்லிக்கொடுக்காதவரை மென்பொருள் அதைக் கேட்காது.