சேவை செய்தால் சமாதானம் வந்துவிடுமா?

வடகவுஞ்சி என்று சொன்னால் கொடைக்கானலுக்கு டூர் போகிற பலருக்குத் தெரியாது. கொடைக்கானல் தாலுகாவில் பழனிப் பக்கம் இருக்கும் ஒரு மலை ஊராட்சி. இந்த மாதிரி ஊர்களில் ஒரு சின்ன சர்ச் இருந்தால் அது என்னென்ன செய்யும்? கிறிஸ்துமஸுக்கு சேலை, மழைக்காலத்தில் போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், வருஷத்துக்கு ஒரு மருத்துவ முகாம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதனால் ஊரில் சமாதானம் வந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி.

அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரு தரப்பும் கத்தோலிக்கர்கள். கோயிலில் சமமாக நடத்தவில்லை, சாவு ஊர்வலம் போகப் பொதுப் பாதை விடவில்லை என்று சொல்லி தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப் போனார்கள். ஒரே ஜெபம், ஒரே பீடம் இருந்தும் இதுதான் நடந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்த அமைதி சமாதானம் அல்ல, ஒரு தரப்பு வாயை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் என்று ஒரு அமெரிக்க மிஷனரி. மதுரை மிஷனுக்கு வேலை செய்ய வந்தவர், காந்தியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். அதனால் 1930லும் 1944லும் வெள்ளைக்கார அரசாங்கம் அவரை நாட்டை விட்டே அனுப்பியது. மனிதர் விடவில்லை, திரும்பி வந்தார். பூதானம் நடத்திய ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1955ல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கியதற்குப் பின்னாலும் அவருடைய தூண்டுதல் உண்டு. அவர் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு நகரவில்லை, நிலம் இல்லாதவன் பக்கம் போய் நின்றார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, மலைக்கு வருவோம். பழனி மலையில் பளியரும் இருக்கிறார்கள், புலையரும் இருக்கிறார்கள். பளியர் பழங்குடிப் பட்டியலில் வருகிறார்கள். புலையரோ பட்டியல் சாதியில் இருக்கிறார்கள், எங்களையும் பழங்குடியில் சேருங்கள் என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடி ஒருவர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்தார் என்று காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் குடிசை, ஒரே காடு, ஆனால் இரண்டு விதி! ஒருவருக்குப் பட்டா வந்து மற்றவருக்கு வராவிட்டால் மனத்தாங்கல் வருமா வராதா?

இங்கேதான் சின்ன சர்ச்சுக்கு வேலை இருக்கிறது என்பேன். மனு எழுதத் தெரிந்த நாலு பேரை ஞாயிறு மதியம் உட்கார வைக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்வதை எழுதி வைத்தால் அதையும் சாட்சியமாக அந்தச் சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. இரண்டு சமூகத்துப் பெரியவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒருவருக்காக இன்னொருவர் சாட்சி சொல்ல வைத்தால் எப்படி இருக்கும்! கோயிலுக்கு வருகிறவர், வராதவர் என்று பார்க்கக் கூடாது. எதிலும் முடிவெடுப்பது கிராம சபையாக இருக்க வேண்டும், பாதிரியாராக அல்ல. இல்லாவிட்டால் மதம் மாற்ற வந்தார்கள் என்ற பேச்சு கிளம்பும், இருக்கிற சமாதானமும் போய்விடும்.

பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒன்று தோன்றுகிறது. கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் ஐந்தொகையில் காட்ட முடியும், நாமே உழைத்துச் சம்பாதித்ததைக் காட்ட முடியாது. சேலை எத்தனை, போர்வை எத்தனை என்று ஆண்டறிக்கையில் எழுதலாம். எத்தனை வீட்டுச் சண்டை வராமல் போனது என்று எந்த அறிக்கையில் எழுதுவது? எழுத முடியாத அந்தக் கணக்குதான் ஒரு ஊருக்கு மிச்சமாக நிற்கும்.

முதல் வேலையாக அந்தச் சின்ன சர்ச் தன் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அங்கே சாதிக்கு ஒரு மூலை இருந்தால், போர்வை கொடுப்பதற்கு முன் அதைச் சரி செய்யட்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?