பூட்டிய வீட்டில் என்ன மறுவாழ்வு?

‘விடுதியில் சோதனை, பெண்கள் மீட்பு’ என்ற செய்தியைப் படித்ததும் நமக்கு நிம்மதி. மீட்கப்பட்டவள் அன்றிரவு எங்கே தூங்கினாள், மறுநாள் யாரிடம் பேச அவளை விட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை.

விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் அழைக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மீட்கப்பட்டவளை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. சிறுமிகளுக்குப் பராமரிப்பு வேண்டும், அதற்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு வயது வந்த பெண்ணையும் சேர்த்தே பூட்டுகிறது. அவளைப் பெற்றோரிடமோ கணவனிடமோ ஒப்படைக்குமுன், அவர்களுக்கு அவளை வைத்துக்கொள்ளும் தகுதி உண்டா என்றும் சட்டம் விசாரிக்கிறது. அவளை வைத்துக்கொள்ள வேறொருவர் எதற்கு?

கடத்தியவன் கதவைப் பூட்டினான், செல்போனைப் பிடுங்கினான், எப்போது சாப்பிடுவது என்பதையும் அவனே முடிவு செய்தான். இல்லமும் அதையே செய்தால் அவள் மனம் இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? தூக்கமில்லாமல் கத்துகிறவள் ‘அடங்காதவள்’ ஆகிறாள். மரத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருப்பவள் ‘தேறிவிட்டாள்’ ஆகிறாள். உண்மையில் எதிர்த்துக் கத்துகிறவளிடம்தான் உயிர்த்துடிப்பு மிச்சமிருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வன்முறை பறித்தது தன்னைத் தானே ஆளும் அதிகாரத்தை. அதைத் திருப்பித் தராத எந்த உதவியும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், காயத்தை ஆற்றாது.

“வெளியே விட்டால் மறுபடி அங்கேயே போய்விடுவாள்” என்பார்கள். கடனும் பசியும் அவளை அனுப்பலாம், போக்கிடமில்லாத தெருவும் அனுப்பலாம். மூன்றாண்டு பூட்டி வைத்தால் கடன் தீருமா? கொடுக்க வேண்டியவை வேறு: கையில் இழப்பீடு, தன் பெயரில் வாடகை வீடு, பிழைக்கப் போதுமான கூலி, வேண்டாம் என்று அவள் மறுக்கக்கூடிய மனநல ஆலோசனை. தையல் மெஷினைக் காட்டிப் புகைப்படம் எடுப்பதற்குப் பெயர் மறுவாழ்வு அல்ல.

விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். சாவி அவள் கையில் இல்லாத வீட்டுக்கு இல்லம் என்று பெயர் வைக்காதீர்கள்.