கடலை மிட்டாய் காத்திருக்கும்... மல்லிகை காத்திருக்குமா? கழுகுமலைப் பக்கம் அறுந்து கிடக்கும் குளிர்ச் சங்கிலி!

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்குறீங்க. பேக்கில் போட்டுட்டு சென்னை பஸ் ஏறிடுறீங்க. சுத்தமா மறந்துபோய், பத்து நாள் கழிச்சு எடுத்தாலும் அது அதே கடலை மிட்டாய்தான். அதே மொறுமொறு, அதே வெல்ல வாசம்.

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய இந்த மிட்டாயின் பெரிய பலம் ருசி மட்டுமில்ல. அதுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை!

அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனா கழுகுமலை. அதையும் தாண்டினா சங்கரன்கோவில் பூ மார்க்கெட். அங்கே விடிகாலையில் பறிச்ச மல்லிகை மொட்டுகள் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். அந்த மொட்டுக்கு ஆயுசு சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்குள்ள வித்தாகணும். விலை எவ்வளவா இருந்தாலும் சரி.

மிட்டாய்க்கும் மொட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. சூடு தாங்காத பொருட்களை ஒரே குளிரில் வெச்சு, விளையுற இடத்தில் இருந்து வாங்குறவர் கை வரைக்கும் கொண்டுபோற ஏற்பாட்டுக்குப் பேர் `கோல்டு செயின்'. தமிழில் குளிர்ச் சங்கிலி. அந்தச் சங்கிலி கரிசல் பூமிக்கு வரும்போது எங்கே அறுபடுது?

வெயிலோட வாழக் கத்துக்கிட்ட ஊர்

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். இந்தக் கரிசல்காட்டுக்காரங்க குளிர் இல்லாம வாழ்வதில் கில்லாடிகள். உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம்னு இங்கே விளையுற பெரும்பாலான பொருட்கள் காய வெச்சா நிக்கும். மிச்சமான மோர் மிளகாய் வத்தலுக்குப் போகும். வெண்ணெய் நெய்யாகும். தூத்துக்குடி மீன் கருவாடா மாறி உள்நாட்டுக்கு வரும்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையைப் பாருங்க. ஆடுகள் உயிரோடதான் கை மாறுது, உயிரோடதான் லாரி ஏறுது. கறியைக் குளிரில் வெச்சு அனுப்ப வழியில்லாத இடத்தில், உயிருள்ள ஆடுதான் ஃப்ரிட்ஜ்! அறுக்கிற நிமிஷம் வரைக்கும் கெட்டுப்போகாது.

ஆனா, காலம் மாறிடுச்சு. வெறும் மானாவாரி பயிரை மட்டும் நம்பினா வண்டி ஓடாதுன்னு கிணறு இருக்கிறவங்க பூ போடுறாங்க, காய்கறி போடுறாங்க. மழை இல்லாத வருஷத்தில் ரெண்டு கறவை மாடுதான் வீட்டுச் செலவைப் பார்த்துக்குது. பூ, தக்காளி, பால். மூணுமே காத்திருக்காத பொருட்கள்.

குளிர்னா... நேரம்!

பாலையே எடுத்துக்குவோம். கறந்த பால் மாட்டின் உடம்புச் சூட்டோடு இருக்கும். கிருமிகளுக்கு அது விருந்து. சில மணி நேரத்துக்குள் அதை 4 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்துட்டா கிருமி வளர்வது மந்தமாகிடும். இதுக்காகத்தான் கிராமங்களில் பால் குளிர்விக்கும் தொட்டிகள் வந்தன. அந்தத் தொட்டி பக்கத்தில் இருக்கிற ஊரில், சாயங்காலம் கறந்த பாலை மறுநாள் காலை லாரிக்குக் கொடுக்கலாம். இல்லாத ஊரில், யார் முதல்ல வர்றாங்களோ அவங்க சொல்றதுதான் விலை.

பூவும் அப்படித்தான். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும் மல்லிகை, மத்த நாளில் சில நூறுக்கு இறங்கும். ``அண்ணாச்சி, கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்க'' என்று கேட்கலாம். ``இந்த விலைக்குத் தர முடியாது, நாளைக்கு வர்றேன்'' என்று சொல்ல முடியாது. நாளைக்கு அது மொட்டு இல்லை, குப்பை. இது வியாபாரிக்கும் தெரியும்.

அதனால, குளிர் என்பது வெறும் டெம்பரேச்சர் சமாச்சாரம் இல்ல. அது நேரம். கையில் நேரம் இருக்கிறவர் பேரம் பேசலாம். நேரம் இல்லாதவர் கொடுத்ததை வாங்கிக்கணும்.

ஏசி லாரி செய்யாத ஒரு வேலை

`சரி, நாலு ஏசி லாரி விட்டா முடிஞ்சது' என்று தோணும். இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு.

`ரீஃபர்' எனப்படும் குளிர்பதன லாரியின் வேலை, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் வெச்சிருப்பது. வயல் சூட்டோடு வரும் தக்காளியை ஏத்தினா, அதைத் தணிக்கிற அளவுக்கு அந்த மெஷினுக்குச் சக்தி கிடையாது. நடுவில் இருக்கும் பெட்டிகள் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அதனால லாரிக்கு முன்னாடியே, வயலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேணும். தரம் பிரிச்சு, சூட்டைத் தணிச்சு, பெட்டியில் அடுக்கும் இடம். அதுதான் `பேக் ஹவுஸ்', அதாவது சிப்பம் கட்டும் கூடம்.

எல்லாத்துக்கும் ஒரே குளிரும் சரிப்படாது. உறைந்த இறாலுக்கு மைனஸ் 18 டிகிரி. பாலுக்கு 4. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனா தோல் கறுத்துடும். இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்க வேண்டிய முதல் இடமும் அந்தக் கூடம்தான்.

நாட்டில் இது எவ்வளவு இருக்கு? மத்திய அரசின் தேசிய குளிர்ச் சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015-ல் ஓர் ஆய்வு நடந்தது. அதில் வந்த கணக்கு இது.

* குளிர்பதனக் கிடங்கு: தேவையில் சுமார் 10 சதவிகிதம்தான் பற்றாக்குறை.
* ரீஃபர் வண்டி: தேவை 61,826. இருந்தது 10,000-க்கும் கீழே. பற்றாக்குறை 85 சதவிகிதம்.
* சிப்பம் கட்டும் கூடம்: தேவை 70,080. இருந்தது வெறும் 249. பற்றாக்குறை 99 சதவிகிதத்துக்கும் மேல்!

பத்து வருஷப் பழைய ஆய்வுதான். ஆனா, அது காட்டும் வடிவத்தைக் கவனிங்க. பெரிய கிடங்குகள் கட்டியாச்சு. அதுவும் பெரும்பகுதி வட மாநிலங்களில், உருளைக்கிழங்குக்காக. கிடங்குக்கும் வயலுக்கும் நடுவில்தான் பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையில் விழுவது என்ன? நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடைக்குப் பிறகு வீணாவது பழங்களில் 6 முதல் 15 சதவிகிதம். காய்கறிகளில் சுமார் 5 முதல் 11.6 சதவிகிதம். அந்த 11.6 யாருடையது தெரியுமா? நம்ம தக்காளி!

இதே தூத்துக்குடி மாவட்டத்தின் துறைமுகத்துக்குப் போனா வேற உலகம். கரன்ட் பிளக்கில் மாட்டிய ரீஃபர் கன்டெய்னர்கள், உறைந்த கடல் உணவோடு கப்பலுக்குக் காத்திருக்கும். கடல் தாண்டிப் போற சரக்குக்குச் சங்கிலி எங்கேயும் அறுபடாது. கரிசல்காட்டுத் தக்காளி தார்ப்பாய்க்குக் கீழே வேகும். தொழில்நுட்பம் இந்த ஊர்ப்பக்கம் வரலைன்னு சொல்ல முடியாது. வந்திருக்கு, காசு இருக்கிற சரக்குக்கு மட்டும்.

இது புதுக் கதையும் இல்லை. சென்னை மெரினாவில் இருக்கும் விவேகானந்தர் இல்லம், 1842-ல் ஐஸ் வைக்கக் கட்டிய `ஐஸ் ஹவுஸ்'. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, கப்பலில் மாசக்கணக்கில் பயணம் செஞ்சு இங்கே வந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களுக்காக. குளிர் எப்பவுமே வசதியானவர் பக்கம்தான் முதல்ல போகும்.

குண்டூர் சொல்லும் பாடம்

விளாத்திகுளம், புதூர் பக்கம் கரிசலில் விளையும் மிளகாய் காய்ந்த பொருள்தானே, அதுக்கு எதுக்குக் குளிர்? காரணம் நிறம். வெளியில் கிடக்கும் வத்தல் மாசம் போகப் போக வெளுக்கும், பூச்சி வரும். குளிர்பதனக் கிடங்கில் வெச்சா சிவப்பு நிக்கும். மிளகாயில் நிறம்தான் காசு.

ஆந்திராவின் குண்டூரில் இதுக்காகவே நூற்றுக்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் இருக்கு. விவசாயி மூட்டையை உள்ளே வெச்சுட்டு, அதன் பேரில் கடன் வாங்கி, அடுத்த விதைப்பைப் பார்க்கலாம். விலை ஏறும்போது விக்கலாம்.

ஆனா, இதை மந்திரக்கோல்னு நினைச்சுடாதீங்க. 2025 தொடக்கத்தில் குண்டூரிலேயே மிளகாய் விலை படுத்துடுச்சு. கடைசியில் மத்திய அரசு தலையிட்டு, குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என ஒரு விலையை அறிவிக்க வேண்டி வந்தது. குளிர், காத்திருக்க நேரம் கொடுக்கும். நல்ல விலையைக் கொடுக்குமான்னு கேட்டா, அதுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனா, நேரமே இல்லாதவருக்கு அந்த வாய்ப்புகூட கிடையாதே!

தடுப்பூசி மட்டும் எப்படி வந்து சேருது?

`குக்கிராமம் வரைக்கும் குளிரைக் கொண்டுபோறது நடக்கிற காரியமா?' என்று கேட்கிறவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. ஏற்கெனவே நடக்குது. புதன்கிழமை தோறும்.

குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து, தொழிற்சாலையில் இருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் ஒவ்வொரு படியிலும் குளிரிலேயே பயணம் செய்யுது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கணக்கு 2 முதல் 8 டிகிரி. கரன்ட் போனாலும் பல மணி நேரம் தாங்கும் பனிச்சுவர் ஃப்ரிட்ஜ்கள் அங்கே இருக்கும். அங்கிருந்து கிராம சுகாதார செவிலியர் தோளில் மாட்டிப் போகும் அந்தப் பெட்டிக்குள் நாலு ஐஸ் பேக்.

அந்த ஐஸ் பேக்கையும் ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. குலுக்கினா உள்ளே தண்ணி சத்தம் கேட்கிற வரைக்கும் வெளியில் வெச்சுட்டுத்தான் வைப்பாங்க. ஏன்னா, சில மருந்துகள் சூட்டில் கெடுவதைவிட, உறைந்தா சீக்கிரம் கெட்டுப்போகும். மருந்து பாட்டிலில் ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டுப் பட்டு அந்தச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துட்டா, அந்த மருந்தைப் போடக் கூடாது. ஃப்ரிட்ஜின் டெம்பரேச்சரை மொபைலிலேயே பார்க்கும் `இ-வின்' என்ற ஏற்பாடு 2015-ல் தொடங்கியது.

இதில் விலை உயர்ந்த ரகசியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் யாரோ ஒருத்தர் சூட்டை அளக்கிறார், எழுதுறார், பதில் சொல்றார். தக்காளிப் பெட்டிக்கு அப்படி யாரும் இல்லை. வழியில் கெட்டா அது விவசாயி தலையில். அவ்வளவுதான்.

அப்போ என்னதான் செய்யலாம்?

கழுகுமலை பக்கத்துக்குப் பிரமாண்டமான கிடங்கு தேவையில்லை. நாலைந்து ஊருக்கு ஒன்றாக, சின்னதாக, வாடகைக்கு எட்டும் விலையில் ஒரு கூடம் போதும். காசுக்கு வழி இருக்கு. மத்திய அரசு 2020-ல் அறிவித்த 1 லட்சம் கோடி ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு நிதியில், 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வாங்கலாம். கரன்ட்? கயத்தாறு பக்கம் போனா காற்றாலைகள் வரிசைகட்டி நிக்குது. வெயிலுக்கும் இங்கே பஞ்சமே இல்லை.

மெஷினே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ரெண்டு செங்கல் சுவர், நடுவில் ஈர மணல். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய `பூஜ்ய ஆற்றல் குளிர் அறை'. மண்பானைத் தண்ணி குளிரும் அதே சங்கதிதான். காற்று எவ்வளவு வறண்டு இருக்கோ, அவ்வளவு நல்லா வேலை செய்யும். கரிசலுக்குன்னே செஞ்ச மாதிரி! ஆனா, மணலை நனைக்கத் தினமும் தண்ணி வேணும். கோடையில் அதுவும் சிக்கல்தான். தக்காளியை ஒரு நாள் ரெண்டு நாள் தாக்குப்பிடிக்க வைக்கும், மாசக்கணக்கில் இல்லை.

உங்க வீட்டிலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இருக்கு. தாத்தா பாட்டி இன்சுலின் போடுறாங்களா? பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் இருந்து மதிய வெயிலில் பைக் டேங்க் கவரில் போட்டு எடுத்துட்டு வராதீங்க. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ஐஸ்க்ரீமுக்கான ஜி.எஸ்.டி 18-ல் இருந்து 5 சதவிகிதமாகக் குறைஞ்சிருக்கு. வாங்கும்போது கப்பைத் திறந்து பாருங்க. மேலே பனித்துகள் கெட்டியாகப் படிஞ்சு, வடிவம் கோணலா இருந்தா, வழியில் எங்கேயோ உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

கழுகுமலைக்குப் போனா வெட்டுவான் கோயிலைப் பார்த்துட்டு வாங்க. 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஒற்றைப் பாறைக் கோயில். மேலே இருந்து கீழாகச் செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. விமானம் அவ்வளவு அழகு. ஆனா, அடிப்பகுதி முடியாமல் பாறையாகவே நிக்குது.

நம்ம குளிர்ச் சங்கிலியும் அப்படித்தான். மேலே கிடங்கு, துறைமுகம் எல்லாம் செதுக்கியாச்சு. கீழே, வயலுக்குப் பக்கத்தில் உளி இன்னும் படலை. கோயில் பாதியில் நின்னா அதுவும் ஓர் அழகு. நாளைக்கு விடிகாலையில் பறிக்கப்போற மல்லிகைக்கு அப்படி இல்லை. சாயங்காலத்துக்குள்ள அது பூத்துடும்!